புரதம் கூடிய சவரிராயன்

மயிலத்தில் மினிவேன் ஓட்டும் சவரிராயனின் ரத்தத்தில், மாவட்டத்திலேயே அதிகப் புரதம் இருப்பதாக அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது.

காரணம், திண்டிவனத்தில் டாக்டர் கலைப்பிரியா நடத்திய முகாம். ஈரலில் புற்றுநோய் முளைவிடும்போதே ரத்தத்தில் சில புரதங்கள் ஏறும். அவற்றை வைத்து நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கலாமா என்பது அவருடைய ஆராய்ச்சி. மஞ்சள்காமாலை வந்துபோனவர்களை அழைத்து ரத்தம் எடுத்தார். முடிவுகளை விதிப்படி விழுப்புரம் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினார். தலைப்பில் 'புரதம்' என்று இருந்ததால், அவை ஊட்டச்சத்துப் பிரிவு அதிகாரி தென்னரசுவின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தன.

தென்னரசு நெகிழ்ந்துபோனார். முட்டை போட்டும் சுண்டல் போட்டும் அசையாத புரதம், ஒரே ஆளிடம் இத்தனை மடங்கு! உடனே விழா எடுத்தார். சவரிராயனுக்குச் சால்வை போர்த்தி, 'புரதச் செம்மல்' பட்டம் கொடுத்து, மைக்கை நீட்டினார்.

"தினமும் என்ன சாப்பிடுறீங்க?"

"கேப்பைக் கூழுதாங்க. கொஞ்சம் மல்லாட்டை."

மறுநாள் மயிலத்துக் கடைகளில் வேர்க்கடலை கிடைக்கவில்லை. ஜிம்முக்குப் போகிறவர்கள் பவுடர் டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கூழ் வண்டியை மொய்த்தார்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளைக்குப் புரதம் எவ்வளவு என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். சவரிராயனின் பக்கத்து வீட்டு வேங்கடேசனும் ரத்தம் கொடுத்தார். 'சாதாரணம்' என்று வந்தது. லேப்பில் இருந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்தினார்.

"பார்த்து எதுனா ஏத்திப் போட்டுக் குடும்மா. ஊருல தலை காட்ட முடியல."

இந்த நேரத்தில்தான் கலைப்பிரியா சவரிராயன் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணா, உங்களுக்குப் புரதம் ஏறியிருக்கு."

"ஊருக்கே தெரியுங்க டாக்டரம்மா," என்று அவர் மனைவி இன்னாசியம்மாள் சால்வையை விரித்துக் காட்டினாள்.

"அது ஏறக் கூடாத புரதம்க்கா. ஈரல்ல கட்டி இருக்கலாம். ஸ்கேன் எடுத்துடணும்."

இன்னாசியம்மாள் சால்வையை மெதுவாக மடித்தாள்.

"இத்த போத்திக்கினுதான் தெருத்தெருவா சுத்திக்கினு இருந்தியா?" என்றாள். வேன் சாவியை எடுத்துச் சவரிராயன் கையில் வைத்தாள். "கெளம்பு, ஜல்தி."

கட்டி இருந்தது. சிறியது. அறுத்து எடுத்தார்கள். சவரிராயன் பிழைத்தார், புரதம் இறங்கியது.

விழுப்புரத்திலிருந்து கலைப்பிரியாவுக்குக் கடிதம் வந்தது: 'மாவட்டத்தின் உச்சப் புரத அளவு சரிந்தது ஏன்? விளக்கம் அளிக்கவும்.'

'நோயாளி பிழைத்துவிட்டார்,' என்று அவர் எழுதினார்.

'இது ஏற்கத்தக்க காரணமல்ல,' என்று பதில் வந்தது.

அடுத்த முகாமுக்கு, 'ஈரல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டறியும் முகாம்' என்று கலைப்பிரியா உள்ளதை உள்ளபடி ஃபிளெக்ஸ் அடித்தார். சவரிராயனே வாசலில் நின்று, "பயப்படாம வாங்க, நான் பொழச்சிக்கினு நிக்கிறேன் பாருங்க," என்று கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. வேங்கடேசன் எதிர்ப்பக்கமாகப் போனார்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேப்பா. தெரிஞ்சிக்கினு பேஜாரு பண்ணிக்கணுமா?"

சாயங்காலம் டாக்டரும் சவரிராயனும் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனார்கள்.

அடுத்த வாரம் அதே இடத்தில், 'முகம் பளபளக்க ரத்தப் பரிசோதனை' என்று ஒரு முகாம் நடந்தது. வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. இதை எழுதும் எனக்கு முன்னால் தென்னரசு தலை வாரிக்கொண்டு நின்றார். நான் கொஞ்சம் தாமதமாகப் போய்விட்டேன். இல்லாவிட்டால் அவருக்கு முன்னால் நின்றிருப்பேன்.