வீட்டுக்குள் ஒரு ஜோடி செருப்பு

கும்மிடிப்பூண்டி,
புதன்கிழமை.

அன்புள்ள பொன்னேரி மாமாவுக்கு, மைத்துனன் தணிகாசலம் பணிவுடன் எழுதுவது. இங்கே என் இடது குதிகால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் குதிகால் உட்பட நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் சுமலதா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

இருபத்தாறு வருடமாகக் கம்பி ஆலையின் சிமெண்ட் தரையில் நின்றே வேலை பார்த்த கால் மாமா இது. ரெண்டு மாசமா காலையில கட்டிலை விட்டு இறங்கினா, முதல் அடியிலேயே குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கு. பத்தடி நடந்தா குறையுது, உக்காந்து எழுந்தா மறுபடியும் முதல்லேருந்து. டாக்டரம்மா ஏஞ்சல் அழுத்திப் பார்த்துட்டு, பாதத்துக்கு அடியில இருக்கிற நார் வீங்கியிருக்கு, காலையில இறங்குறதுக்கு முன்னாடி துண்டைப் பாதத்துல மாட்டி இழுங்க, வீட்டுக்குள்ளேயும் வெறுங்காலோட நடக்காதீங்க, மெத்துனு செருப்பு போடுங்கன்னாங்க. துண்டு சரி. செருப்பைப் போட்டுக்கினு, சாமி படம் மாட்டியிருக்கிற கூடத்துல ஒரே ஒரு அடி வச்சேன். சுமலதா கரண்டியோட வந்துட்டா. "இன்னாய்யா இது, ஊட்டுக்குள்ள செருப்பு? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது." அன்றிலிருந்து செருப்பு வாசலில், நான் உள்ளே.

இப்போது என் பயம் வேறு. நீங்கள் பார்த்த கடம்பத்தூர் வரன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை நந்தினியைப் பார்க்க வருகிறார்கள். போட்டோவிலேயே அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. நான் எழுந்து நொண்டினா, இது பொண்ணுக்கும் வருமோன்னு நினைக்க மாட்டாங்களா? என் குதிகாலால எம்பொண்ணு கல்யாணம் நின்னு போச்சுன்னா நான் எங்கே போய் முட்டிக்கிறது? தூக்கமே வரல மாமா. அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். அவர்கள் வந்து போகும்வரை உட்காரவே மாட்டேன். உட்கார்ந்தால்தானே எழுந்திருக்க வேண்டும்? நேற்று ஒன்றரை மணி நேரம் சுவரோரம் நின்று ஒத்திகை பார்த்தேன். "இன்னா நைனா, வாட்ச்மேன் மாதிரி நின்னுக்கினு கீற?" என்றாள் நந்தினி. அவங்க உக்காரச் சொன்னா, பெரியவங்க முன்னாடி மச்சான் உக்காரமாட்டார், அவ்வளவு மரியாதைன்னு நீங்க சொல்லிடுங்க. மாப்பிள்ளையோட அப்பா என்னைவிட நாலு வயசு சின்னவர், அதை எப்படியாவது சமாளிங்க. குதிகால் விஷயம் மட்டும் மூச்சு விடாதீங்க.

அக்காவின் பாதங்களுக்கு என் வணக்கம். அந்தப் பாதங்கள் மிதிக்கும் தரையெல்லாம் மெத்தென்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
நின்றுகொண்டே எழுதும்
தணிகாசலம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். சுமலதா ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. "எனக்குக் குதிங்கால் வலிம்மா. வெறுங்காலா நடக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. ஊட்டுக்குள்ள செருப்பு போட்டுக்கினு வந்தா தப்பா நெனப்பீங்களா?" என்று கூச்சத்தோடு கேட்டார். "அதுக்கின்னா சம்பந்தி, நம்ம ஊடு, தாராளமா வாங்க" என்றாள் இவள். உடனே கடைக்குப் போய் அவருக்காக மெத்தென்று ஒரு ஜோடி வாங்கி வந்து, கூடத்தில் சாமி படத்துக்குக் கீழேயே வைத்திருக்கிறாள். ஆகவே மேலே எழுதிய எதையும் நீங்கள் சமாளிக்க வேண்டாம். யாரும் இல்லாதபோது போட்டுப் பார்த்தேன், என் காலுக்கும் அளவாகத்தான் இருக்கிறது. சம்பந்தி வந்து போகும்வரை நான் அதைத் தொடக் கூடாதாம்.