கம்ப்யூட்டருக்குக் காக்கிச் சட்டை

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வெற்றுடம்போடு நின்றதில்லை. டிவிக்குப் பூப்போட்ட உறை, மிக்ஸிக்கு அம்மாவின் பழைய புடவைத் துண்டு, தண்ணீர்க் குடத்துக்குத் தட்டு, தட்டின் மேல் இன்னொரு துணி. எண்ணூரில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் கொடியில் காயும் வெள்ளை வேட்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜன்னலைச் சாத்தினாலும் நிலக்கரிச் சாம்பல் வரும். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்த படலம் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் எதையும் துணி போட்டு மூடுவது எங்களுக்குப் பல் விளக்குவது போல. யாரும் அதைக் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை, அதனால் வந்த வினைதான் இது.

அண்ணன் சவுதியில் கட்டட வேலையில் இருந்தான். சாரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று அவனோடு தங்கியிருந்தவன் ஒருநாள் போனில் உளறிவிட்டான். அண்ணனைக் கேட்டால், "சொம்மா சுளுக்கும்மா" என்றான். அம்மா நம்பவில்லை.

"கொரலு நல்லாத்தான் கீது. மொகத்தப் பாத்தாத்தான் நம்புவேன்" என்றவள், சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துவிட்டாள்.

நான் அப்போது ஹார்டுவேர் கோர்ஸ் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தேன். (முதல் வகுப்பு. கேட்காதவர்களிடமும் சொல்வேன்.) ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கி ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி எழுப்பினேன். மானிட்டர் தலையில் ஒரு வெப்கேம். மழை வந்தால் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துத் தரையில் தண்ணீர் தேங்கும் என்பதால் சிபியூவை என் தோளுக்குப் பக்கத்தில், உயரமான ஸ்டூலில் வைத்தேன். அம்மா அதைச் சுற்றி வந்து அளவு பார்த்தாள். நைனாவின் பழைய காக்கி யூனிஃபார்ம் சட்டையை அதன் மேல் இறக்கி, பித்தான் போட்டு, கைகள் இரண்டையும் பின்னால் முடிச்சுப் போட்டாள். காலர்கூட விறைப்பாக நின்றது. தலை இல்லாத ஊழியர் ஒருவர் டூட்டிக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவரை உயிர்ப்பிக்க, பித்தான்களுக்கு நடுவே விரலை விட்டு சுவிட்சை அமுக்க வேண்டும்.

ஆனால் அண்ணனைக் கூப்பிடும்போதெல்லாம் அது அணைந்தது. டயல்-அப் கிறீச்சிட்டு இணைந்து, படம் பட்டை பட்டையாக இறங்கும். அண்ணன் தலையில் கட்டிய துண்டு தெரியும், நெற்றி தெரியும், டப். திரை கருத்துவிடும். உடனே நான் மருத்துவராகிவிடுவேன். சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, மூடியைத் திறந்து, எதையாவது பிடுங்கிச் சொருகி, பவர் சப்ளையை மாற்றி ஓட்டிப் பார்த்தால் நாள் முழுக்கப் பாட்டுப் பாடும். "சரியாயிடுச்சும்மா" என்பேன். அம்மா பயபக்தியோடு மறுபடி சட்டையை மாட்டுவாள். அடுத்த அழைப்பில் டப்.

அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்த நைனாவுக்கு அது பெரிய அவமானம். "ஊருக்கே கரண்ட் அனுப்புறேன். என் வூட்ல ஒரு பொட்டி நிக்க மாட்டேங்குது" என்று இருமிக்கொண்டே புலம்பினார். அம்மாவுக்கு வேறு விதமாகப் பட்டது. "அவன் மொகம் வரும்போதுதான் அணையுது. இன்னாவோ நடந்துகீது, எல்லாருமா சேந்து மறைக்கிறீங்க" என்று அழுதாள். அந்த அழுகைக்கு என் முதல் வகுப்பில் மருந்து இல்லை.

கடைசியில், கீழே வெல்டிங் பட்டறை வைத்திருந்த மாரி அண்ணன்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதினேன். அவர் வெல்டிங் வைத்தால் எங்கள் ட்யூப் லைட் கண்ணடிக்கும். வேறென்ன சாட்சி வேண்டும்? சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து வந்து இறங்கிய கம்பிகளுக்கு நடுவில் நின்று வோல்டேஜ் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

"இன்னாபா, உன் பொட்டி அணைஞ்சா நான் இன்னா பண்ணுவேன்? என் பொயப்பு இது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா அயுவுதா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"சரி, போ. ஞாயித்துக்கெயமை மிஷினத் தொட மாட்டேன்."

ஞாயிறன்று பட்டறையைச் சாத்திவிட்டு அவரே மேலே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு. நான் பையில் டெஸ்டரோடு, எல்லோரையும் அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டேன். துண்டு இறங்கியது. நெற்றி இறங்கியது. ஒரு கண் வந்தது.

"இனிமே அணையவே அணையாதும்மா" என்றேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல பெட்டிக்குச் சாம்பல் படக் கூடாதே என்று சட்டையை இழுத்துவிட்டு, மேல் பித்தானையும் போட்டாள். டப்.

"இப்ப எவன் வெல்டிங் வச்சான்?" என்று மாரி அண்ணன் கேட்டார். எனக்கு ஸ்டூலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் பிடித்துவைத்திருந்த லைன் விடுபட்டதால் போன் அடித்தது. அண்ணன்தான்.

"டேய், அம்மா யாருக்குடா நைனா சட்டைய மாட்டிகினு கீது?"

"சிபியூவுக்கு."

அண்ணன் 'உச்' கொட்டினான். "அதுக்குக் காத்து எப்டிடா போவும்? சட்டையக் கயட்டிப் பாரு."

கழற்றினேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடு முகத்தில் அடித்தது. முதல் வகுப்புக்காரனைப் பார்த்துத் தெருவே சிரித்தது. மாரி அண்ணன் தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

சூடு ஆறிய பின் மறுபடி இணைத்தேன். இந்த முறை முகம் முழுசாக வந்தது. வலது கையில் தோள்வரை மாவுக்கட்டு. அதன் மேல் எதுவும் போட முடியாமல் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்தான். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும், இனி மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தானாம். இடது கையால் தலைத் துண்டை அவிழ்த்தான். பாதித் தலை மழித்துத் தையல் போட்டிருந்தது. சிரித்தவர்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கினார்கள்.

அம்மா காக்கிச் சட்டையை மடியில் வைத்து மடித்தாள். "இரும்புப் பொட்டிக்குச் சட்ட போட்டு அயகு பாத்துகினு இருந்தேன். எம்புள்ள போட முடியாம கீறான்" என்றாள். ஆனால் அன்று வயிறாரச் சாப்பிட்டாள். உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டாளே.

அண்ணன் தேறி ஊர் வந்து சேர்ந்தான். அதன் பிறகு எங்கள் வீட்டில் மோட்டார் நின்றாலும் ஸ்கூட்டர் மக்கர் பண்ணினாலும் முதல் கேள்வி, "சட்டையக் கயட்டிப் பாத்தியா?" கேள்வி என்னைப் பார்த்துத்தான் வரும். என் கல்யாணத்தில் மைக் அணைந்தபோது மாரி அண்ணன் பந்தியிலிருந்தே கத்தினார்.

பல வருடம் கழித்து நைனா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தார். டாக்டர் குழாயை மாற்றினார், மருந்தை மாற்றினார், எதுவும் கேட்கவில்லை. நான் கட்டில் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். நைனா என்னைக் கிட்டே வரச் சொல்லி, வாயிலிருந்த மாஸ்கை விலக்கினார்.

"சட்டையக்... கயட்டிப்... பாக்கச் சொல்லு."

அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு அண்ணன், பிறகு நான். நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தோம். நாங்கள் நாலு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.