யோசிக்கும் பெட்டி

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓட வேண்டும். நிறைந்தால் நிற்க வேண்டும். இந்த மகத்தான தத்துவத்தைப் பெட்டிக்குள் அடைத்து விற்பதுதான் நாங்கள் நாலு பேர் இருக்கும் கம்பெனியின் தொழில். இதற்கா இவ்வளவு படித்தாய் என்று என் மாமனார் கேட்பார். ஆனால் எங்கள் தெருத் தொட்டிக்கே எங்கள் பெட்டிதான் என்றதும் நான் துள்ளிக் குதித்தேன். குழாய் வரிசையில் என் வீடு கடைசி. இதுவரை சொட்டுத்தான் வரும். பெட்டி தேறினால் வாளி நிறையும்.

சோதித்து ஏற்றுக்கொள்ளக் குடிநீர் அதிகாரி நேரில் எழுந்தருளினார். தண்ணீர் குறைந்தது. மோட்டார் ஓடியது. அவர் முகம் சுளித்தார்.

“என்னங்க, உடனே ஓடிடுச்சு?”

“தண்ணி குறைஞ்சிடுச்சு சார்.”

“அது தெரியுது. யோசிச்ச மாதிரியே இல்லையே! இனிமே எல்லாத்துலயும் ஏஐ இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு.”

“இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல சார்.”

“அப்படிச் சொல்லாதீங்க. யோசிக்க ஒண்ணுமே இல்லாத ஃபைலை என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்ல.”

முதலாளி என்னை ஓரமாக இழுத்தார். “ஏம்பா, அஞ்சு நிமிஷம் லேட்டா ஓட வையேன். யோசிக்குதுன்னு சொல்லிக்கலாம்.”

“அது ஏமாத்து வேலை சார்.”

“பெட்டி தேறலைன்னா உன் வீட்டுக்குத் தண்ணி யாரு கொடுப்பா? அவரா?”

லேப்டாப்பைத் திறந்து ஒரு டைமரைச் சேர்த்தேன். காத்திருக்கும் நேரத்தில் மஞ்சள் விளக்கு மினுங்க வேண்டும். அதன் கீழே ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதி ஒட்டினேன். மறுபடி சோதனை நடந்தது. விளக்கு மினுங்கி, மினுங்கி, கடைசியில் மோட்டார் ஓடியபோது அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நம்ம ஆபீஸ் ஆளு மாதிரியே இருக்குங்க!”

பெட்டி ஏற்கப்பட்டது. பக்கத்துத் தெருவும் ஒன்று கேட்டு வாங்கியது. ஆனால் ஐந்து நிமிடத்தில் எடுக்கும் முடிவு அவசர முடிவு என்று அதிகாரிக்குப் பின்னர் தோன்றியது. ஒரு மணி நேரமாக்கினோம். மேலே கேட்காமல் ஒரு பெட்டி தானே முடிவெடுப்பது ஒழுங்கீனம் அல்லவா? இரண்டு தெருவிலும் அதன் தலைமேல் இன்னொரு பெட்டி வைத்தோம். கீழ்ப்பெட்டி கேட்டதை மேல்பெட்டி ‘விளக்கம் தேவை’ என்று திருப்பி அனுப்பும். விடுமுறை நாளில் இரண்டும் வேலை செய்யாது.

என் வீட்டில் சொட்டும் நின்றது. “உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா!” என்றாள் மனைவி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாருக்கும் சொல்லாமல் போய், எங்கள் தெருப் பெட்டியில் டைமரை நீக்கினேன். மேல்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். குழாயில் தண்ணீர் கொட்டியது!

சாயங்காலம் தெருவே என் வாசலில் நின்றது. முன்னால் நின்றவள் என் மனைவி.

“அதான் தண்ணி வருதே!” என்றேன்.

“வருது. அதான் கேவலமா இருக்கு. பக்கத்துத் தெருப் பெட்டி அரை நாள் யோசிக்குதாம். அவங்க பீத்திக்கிறதைக் காது கொடுத்துக் கேட்க முடியலை. நம்மது தொட்டவுடனே கொட்டுது. ஏதோ பழைய பெட்டியை நம்ம தலையில கட்டிட்டாங்க!”

“அடியே, அது யோசிக்கலை. வெறும் டைமர்.”

“பார்த்தீங்களா?” என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து. “இன்ஜினியருக்கே புரியலை. அப்போ அது நிஜ ஏஐதான்.”

ஊரோடு ஒத்து வாழ் என்பார்களே. ஒயரை மாட்டினேன். டைமரையும் திரும்பச் சேர்த்தேன். அரை நாள் என்ன, முழு நாளாகவே வைத்துவிட்டேன். தெருவின் மானம் காப்பாற்றப்பட்டது.

இப்போது இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசித் தெருவுக்கு நடக்கிறேன். அங்கே இன்னும் ஒரு ஆள்தான் கையால் சுவிட்சைப் போட்டு மோட்டாரை ஓட்டுகிறார். குழாயடியில் தையல்காரர் நிற்கிறார், பக்கத்துத் தெரு முழுக்க நிற்கிறது. எனக்கு முன்னால் அதிகாரி, கையில் பிளாஸ்டிக் வாளியோடு.

“பாவம், இந்தத் தெரு ரொம்பப் பின்தங்கிப் போச்சு,” என்றார் அவர், வாளியை நிரப்பிக்கொண்டே. “அடுத்த மாசம் இங்கேயும் ஒரு பெட்டி வச்சிடலாம்.”

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினோம்.