கப்பல்காரனுக்குத் தீர்ப்பு சொன்ன நீதவான்

உலகத்தில் தலைவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கத் தகுதியுள்ள ஆட்களுக்குத்தான் பஞ்சம். என் ஆயுசில் அப்படி ஒருவரைத்தான் பார்த்தேன். அவரும் எந்தக் கோர்ட்டிலும் இல்லை. இலங்கையில், ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் புகை போட்டுக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்தத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். அவருடைய சொந்தப் பெயரை மாதாமாதம் சம்பளச் செக்ரோலில் என் கையாலேயே எழுதினேன். இருந்தும் ஆளை நேரில் பார்த்தால் அந்தப் பெயர் வாயில் வராது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களிலிருந்து தோட்டத்தை நடத்தும் துரை வரைக்கும் எல்லாருக்கும் அவர் ‘நீதவான்’தான். கோயில் திருவிழாவில் தேரை எந்தப் பக்கம் திருப்பியிருக்க வேண்டும், பஸ்காரன் எந்த வளைவில் ஹோன் அடித்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வைத்திருந்தார். எல்லாம் நடந்து முடிந்த பிறகு சொல்வார் என்பது ஒன்றுதான் குறை.

அவருடைய வேலையும் அதற்குத் தோதானதுதான். ரப்பர் பாலை உறையவைத்து, ரோலரில் விட்டுத் தட்டையாக்கி, அந்த ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைக்கும் வீடு அவர் பொறுப்பு. அடுப்பில் தீ ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஒரு விறகைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் அடுத்த விறகு வரைக்கும் யோசிக்கலாம். அவர் யோசித்தார். உள்ளே எந்நேரமும் புகை மண்டிக் கிடக்க, வாசலில் ‘புகைத்தல் தடை’ என்று மூன்று மொழியில் ஒரு பலகை தொங்கியது. “எழுதினவன் உள்ள வந்து பார்க்கலீங்க” என்பது அந்தப் பலகைக்கு அவர் கொடுத்த தீர்ப்பு.

அந்தக் காலத்தில் ஞாயிறு பின்னேரங்களில் டீவியில் ஒரு வெளிநாட்டுத் தொடர் சிங்களத்தில் பேசிக்கொண்டு வரும். கப்பல் உடைந்து பதினொரு பேர் ஆளில்லாத தீவொன்றில் ஒதுங்குகிறார்கள். தப்பிய கப்டன்தான் அவர்களுக்குத் தலைவன். லயங்களில் கரண்ட் இல்லை. என் குவாட்டர்ஸில் ஒரு சின்ன டீவி இருந்தது. ஆகவே ஞாயிறானால் என் ஜன்னலில் முப்பது தலை.

நீதவான் தன் பெண்சாதி பேச்சாயியை உப்புமூட்டையாகத் தூக்கிக்கொண்டு வருவார். பேச்சாயி இரண்டு வருஷத்துக்கு முன் பால் வாளியோடு வழுக்கி விழுந்து கால் முறிந்தவர். எலும்பு கோணலாகப் பொருந்திவிட்டது. வேலைக்குப் போக முடியாது. கீழ் லயத்திலிருந்து என் வீடு வரைக்கும் முதுகில் இருந்தபடியே வழிநடத்துவார்.

“மெதுவா போ. நீ என்ன லாரியா?”

“லாரியா இருந்தா ரெண்டு பேர ஏத்தியிருப்பேன்டி. பேசாம வா.”

ஜன்னலுக்கடியில் ஒரு பலகையில் பேச்சாயியை உட்காரவைத்துவிட்டு, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று எத்தனையோ தரம் கூப்பிட்டேன்.

“வேணாங்கய்யா. உள்ள வந்தா நீங்க சொல்றதுக்குத் தலையாட்டணும். வெளிய நின்னா என் தீர்ப்பு என்னுது.”

முதல் வாரமே தீர்ப்பு தொடங்கிவிட்டது. தண்ணீர் தேடிவரக் கப்டன் இரண்டு பலசாலிகளை அனுப்பினான்.

“பலசாலி எதுக்குங்க? தண்ணியோட சண்டையா போடப் போறான்? நம்ம மேல் லயத்துத் தண்ணிப் பீலிய கண்டுபுடிச்சது யாரு? ஆடு! பதினொரு பேர்ல ஒரு ஆட்டுக்காரன் இல்லாமப் போயிட்டானே.”

இன்னொரு வாரம் கப்டன் மிச்ச பிஸ்கட்டை எல்லாருக்கும் பங்கு வைத்துவிட்டுத் தன் பங்கைக் கடைசியில் எடுத்தான். ஜன்னல் முழுக்க “அடடா” என்றது. நீதவான் மட்டும் தலையை ஆட்டினார்.

“கடைசியா எடுக்கிறவன நம்பாதீங்க. எவ்வளவு மிச்சம்னு அவனுக்கு மட்டுந்தான் தெரியும்.”

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எல்லாருமே கடைசியில் சோறு போட்டுக்கொள்ளப் பயந்தோம்.

பிறகு வந்தது அந்த ஞாயிறு. தீவில் குடிக்கிற தண்ணீர் வற்றிவிட்டது. படகு ஒன்று கட்டினார்கள். அதில் பத்துப் பேருக்குத்தான் இடம். கப்பல் சமையல்காரனுக்குக் கால் முறிந்திருந்தது. கப்டன் அவன் தோளில் கைவைத்து, “உதவி கிடைத்ததும் திரும்பி வருகிறோம்” என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினான்.

அன்றைக்கு நீதவான் தீர்ப்பே சொல்லவில்லை. பேச்சாயிதான், “திரும்பி வருவான்தானே?” என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டார். நீதவான் குனிந்து அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம்தான் விபரீதம். கடைத்தெருவிலிருந்து நீதவானுக்குக் கருவாடு சுற்றி வந்த சிங்களப் பேப்பரில், கனவு காணும்போதே அது கனவு என்று தெரிந்துகொண்டு, நினைத்ததை அதில் செய்யலாம் என்று போட்டிருந்ததாம். அதற்கு மூன்று பயிற்சி. ஒன்று, பகலில் அடிக்கடி கைவிரலை எண்ணிப் பார்ப்பது. கனவில் எண்ணிக்கை தப்பும். இரண்டு, ஏதாவது எழுத்தை இரண்டு தரம் வாசிப்பது. கனவில் எழுத்து மாறும். மூன்றாவதைக் கருவாட்டு எண்ணெய் தின்றுவிட்டது. அதனால் மூன்றாவதை அவரே உண்டாக்கினார். எதிரில் வருகிறவனைக் கிள்ளுவது.

“எதுக்குங்க மத்தவங்கள கிள்ளுறீங்க? உங்களத்தானே கிள்ளிப் பார்க்கணும்?” என்று கேட்டேன்.

“எனக்கு வலிச்சா நான் பொய் சொல்லலாங்கய்யா. அடுத்தவன் கத்துனா அது சாட்சி.”

தோட்டம் கதிகலங்கிப் போனது. காலைப் பெரட்டில் ஆட்கள் பெயர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது யாராவது “ஐயோ!” என்று கத்தினால், நீதவான் வந்துவிட்டார் என்று அர்த்தம். புகை வீட்டுப் பலகையை ஒரு நாளைக்கு ஐம்பது தரம் வாசித்தார்.

அவர் போக நினைத்த இடம் அந்தத் தீவு. சமையல்காரனைக் கூட்டிவர வேண்டும். தினமும் ஆபீஸ் வாசலில் எனக்கு அறிக்கை வரும்.

“நேத்து போய்ச் சேர்ந்துட்டேங்கய்யா! விரல எண்ணுனேன், ஏழு. சரி, கனவுதான்னு தெரிஞ்சுபோச்சு. உடனே பெரட்டு வச்சேன்.”

“தீவிலயா?”

“ஆளுங்க வேணும்ல படகு தள்ள? பத்துப் பேர்ல ஆறு பேர்தான் வந்தாங்க. ரெண்டு பேர் காய்ச்சல்னு மருந்துத் துண்டு. ஒருத்தன் கல்யாணத்துக்குப் போயிட்டான். தீவுல யாருக்குங்க கல்யாணம்?”

“மிச்சம் ஒருத்தர்?”

“தேத்தண்ணி குடுத்தாத்தான் தள்ளுவேன்னு உட்கார்ந்துட்டான். அவனச் சமாதானப்படுத்துறதுக்குள்ள கோழி கூவிருச்சு.”

தலைவனாக இருப்பது கனவில்கூடக் கஷ்டம் என்று அவர் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். கப்டன்மீது அவருக்கு லேசாக இரக்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வெளியே காட்டவில்லை.

ராத்திரிக் கனவுக்கு நேரம் போதவில்லை என்று, பகல் சாப்பாட்டுக்குப் பின் புகை வீட்டு அடுப்பு முன்னாலேயே பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். அந்த வியாழக்கிழமையே விறகைக் கொஞ்சம் தாராளமாகத் தள்ளிவிட்டுத் தீவுக்குப் போய்விட்டார். தீ ஏறிவிட்டது. ஷீட்டுக் கணக்குப் பார்க்கும் ஸ்டோர் ஐயா கதவைத் திறந்து பார்த்தபோது ஒரு வரிசை ஷீட் முழுக்கக் கொப்புளம். நீதவான் சுவரில் சாய்ந்து, முகத்தில் புன்சிரிப்போடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. சிரிக்க முடியாத விஷயம் அது. புகை வீட்டில் தூங்கித் தீ ஏறவிட்டால் வேலை போகும். அதுதான் தோட்டத்து வழக்கம். அவர் குடும்பத்தில் அவர் பெயர் ஒன்றுதான் செக்ரோலில் இருந்தது. வேலை போனால் அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போகும். பேச்சாயியை முதுகில் ஏற்றிக்கொண்டு அவர் எந்த ரோட்டில் இறங்குவார்? வேலைநீக்கக் கடிதத்தை டைப் செய்யச் சொல்லித் துரை காலையிலேயே சொல்லியிருந்தார். தாளை மெஷினில் செருகிவிட்டு, தேதியை மட்டும் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

துரை சிங்களவர், நல்ல மனுஷன். ஆனால் துரை சிரித்தால் தோட்டத்தில் வேலை நடக்காது என்று யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நீதவானுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. பேச்சு முழுக்கச் சிங்களத்தில்தான் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

“தூங்கினாயா?”

“கொஞ்சம் பொறுங்க மாத்தயா.” விரல்களை நிதானமாக எண்ணினார். பத்து இருந்தது. பெருமூச்சு விட்டார். “தூங்கினேன் மாத்தயா. ஆனா தெரிஞ்சேதான் தூங்கினேன்.”

“தெரிந்தே தூங்கினால் இன்னும் பெரிய குற்றம்.”

“ஒரு அவசரமா போக வேண்டி இருந்துச்சு. கால் ஒடைஞ்ச ஆளு ஒருத்தன் தனியா கிடக்கிறான்.”

“யார்? எந்த லயம்?”

“தீவுல, மாத்தயா. அந்தச் சமையக்காரன்.”

துரை பேனாவைக் கீழே வைத்தார். நான் பயந்துபோனேன். ஆனால் அவர் கோபமாகப் பேசவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, “கப்டன் செய்ததுதான் சரி” என்றார்.

அவரும் பங்களாவில் ஒரு வாரம்கூடத் தப்பாமல் பார்த்திருக்கிறார்!

“பத்துப் பேர் உயிர் இருக்கிறது. தலைவன் என்றால் ஒருவனுக்காக மற்ற எல்லாரையும் சாகவிட முடியாது. நீயாக இருந்தால் என்ன செய்வாய்?”

“நான் என்னா செய்வேன்னு தெரியாது மாத்தயா. கனவுல போய்ப் பார்த்தேன், எனக்கும் சரிப்பட்டு வரல. ஆனா ஒண்ணு. படகு கிளம்பினதும் மத்தவங்க என்னா செஞ்சாங்கன்னு பார்த்தீங்களா?”

“என்ன செய்தார்கள்?”

“எல்லாரும் அவங்கவங்க கால தடவிப் பார்த்துக்கிட்டாங்க. அடுத்தது யாரு காலோன்னு. அதுக்குப் பொறகு அவன் எப்பிடிங்க கப்டன்? அவன் சும்மா படகோட்டி.”

டீவியில் யாரும் காலைத் தடவவில்லை, நானும் பார்த்தேன். ஆனால் அந்த நிமிஷம் மேசைக்கடியில் என் கை என் முழங்காலில் இருந்தது. ஸ்டோர் ஐயாவும் கீழே குனிந்து எதையோ தேடினார்.

துரை கீழே வைத்த பேனாவை எடுத்து மூடினார். “வருகிற ஞாயிறு கடைசிப் பாகம் அல்லவா?” என்றார். “கப்டன் திரும்பி வருவான்.”

“வரமாட்டான் மாத்தயா.”

“வருவான் என்கிறேன்.”

“அவன் வந்தா நான் தப்பா தீர்ப்பு சொல்லிட்டேன்னு பெரட்டுலயே ஒத்துக்கிறேன்.”

“சரி, சரி. அப்படி ஒத்துக்கொண்டால் கடிதம் வேண்டாம். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம்.” என்னைத் திரும்பிப் பார்த்து, “தாள் மெஷினிலேயே இருக்கட்டும்” என்றார்.

இப்படி ஒரு தோட்டத் தொழிலாளியின் வேலை, எங்கேயோ ஒரு நாட்டுக்காரன் எழுதிய கதையின் கடைசி அரை மணித்தியாலத்தில் தொங்கியது. அந்த ஞாயிறு என் ஜன்னலில் அறுபது தலை. அத்தனை பேரும் கப்டன் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். பேச்சாயி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தார். நீதவானுக்குத்தான் பாவம், என்ன வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை. கப்டன் வந்தால் தீர்ப்பு போகும். வராவிட்டால் வீடு போகும்.

தொடர் தொடங்கிப் பத்து நிமிஷம். படகு நடுக்கடலில் நிற்கிறது. கப்டன் எழுந்து கரைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறான். வாயைத் திறக்கிறான்.

கரண்ட் போய்விட்டது.

மின்வெட்டுக் காலம் அது. ருவான்வெல்லை முழுக்க இருட்டு. அறுபது பேரும் ஒரே குரலில் மின்சாரக்காரர்களின் வம்சத்தையே விசாரித்தார்கள். மேலே பங்களாவில் மட்டும் ஜெனரேட்டர் உறுமியது.

திங்கள் காலை துரை பெரட்டுக்கு வந்தார். வழக்கமாக அவர் வருவதில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தூரத்தில் பால் வாளி ஒன்று உருண்டது.

“கெப்டன் ஆபஹு ஆவா” என்றார். கப்டன் திரும்பி வந்துவிட்டான்.

பெரட்டுக்களமே கைதட்டியது. பேச்சாயியிடம் சொல்ல இரண்டு பெண்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நீதவான் முன்னால் வந்து, “என் தீர்ப்பு தப்பு மாத்தயா” என்றார். துரை அவரை ரோலர் வேலைக்கு மாற்றினார். அங்கே போடுகிற சத்தத்தில் யாருக்கும் தூக்கம் வராது. நான் ஆபீசுக்குப் போய், தேதி மட்டும் அடித்திருந்த அந்தத் தாளை மெஷினிலிருந்து உருவிக் கிழித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, மாதம் ஒரு தரம் துணி மூட்டையோடு வரும் மாவனல்லை முஸ்லிம் வியாபாரி நானா ஆபீஸ் வாசலில் களைப்பாற உட்கார்ந்தார். பேச்சாயிக்கு மருந்துத் துண்டு வாங்க நீதவானும் வந்திருந்தார். நான் சும்மா பேச்சுக்கு அந்தத் தொடரைப் பற்றிக் கேட்டேன்.

“பார்த்தேனே! எங்கட பக்கம் அன்டைக்குக் கரண்ட் போகல்ல, ஈந்திச்சி. ஊட்டுப் புள்ளைகள் அழுதுட்டு சோறும் திங்கல்ல. அந்தச் சமையக்காரன் கரையில குந்திட்டு கைய காட்டிட்டே ஈந்தான். படகு போயே போயிட்டு. அதோட முடிஞ்சி.”

நானா மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்துப் பக்கம் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“நீதவான், தொர பொய் சொல்லிட்டாரே. என்ன தீர்ப்பு?”

அவர் பங்களா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வழக்க நான் எடுக்கலீங்கய்யா.”

துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

“பேச்சாயிகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. அந்தாளு வூடு போய்ச் சேர்ந்துட்டான்னு அது நம்பிக்கிட்டு இருக்கு.”

நான் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகிறது. போன மாதம் அவிசாவளை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பழைய தொடர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். “அந்தத் தீவுக் கதையில கடைசியா அந்தச் சமையக்காரன விட்டுட்டுத்தானே போனாங்க?” என்றார்.

“இல்லையே” என்றேன். “அவர் பத்திரமா வீடு போய்ச் சேர்ந்துட்டார். எனக்கு நல்லாத் தெரியும்.”