சாக மறுத்த பந்து

கிட்ட வந்து உட்காருங்கள். அந்த டிவியின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். படம் ஓடட்டும், பரவாயில்லை. நான் சொல்லப்போவது அதைப் பற்றித்தான். அது காதில் வாங்காமல் இருப்பது நல்லது.

இண்டியானாவில் எங்கள் ஹேடன் கிரீக்கில் ஒரு கல்லூரி உண்டு. சுற்றிலும் சோளக்காடு, நடுவில் கல்லூரி, கல்லூரிக்கு நடுவில் கூடைப்பந்து அரங்கம். அங்கே நூலகம் எந்தப் பக்கம் என்று கேட்டால் படிக்கிற பிள்ளைகளே கொஞ்சம் யோசித்துத்தான் கை காட்டுவார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

கைபேசி எல்லாம் வராத காலம். ஒரு வருடம் எங்கள் பையன்கள் நடுமாநிலக் கல்லூரிக் கோப்பைக்குத் தேர்வாகிவிட்டார்கள். கோப்பையை நடத்துகிற மன்றம், ஒளிபரப்பு உரிமையை ஒரு டிவி நிறுவனத்துக்கு விற்றிருந்தது. எவ்வளவுக்கு என்று கேட்காதீர்கள். அந்தத் தொகையைச் சொல்லும்போது எங்கள் கல்லூரித் தலைவருக்கே நடுவில் மூச்சு வாங்கியது. அந்தப் பணம் முதலில் மன்றத்துக்குப் போகும். மன்றத்திலிருந்து சங்கங்களுக்கு, சங்கங்களிலிருந்து கல்லூரிகளுக்கு, கல்லூரியிலிருந்து புதுக் கட்டடத்துக்கும் பழைய கடனுக்கும். இவ்வளவு தூரம் நடந்து வந்த பணம் களைத்துப்போய், பந்து போடுகிற பையனுக்கு ஒரு கெஜம் முன்னால் உட்கார்ந்துவிடும்.

காரணம், பையன் அமெச்சூர். அதாவது பணத்துக்காக ஆடாதவன். மற்ற எல்லோரும் அவனைப் பணத்துக்காக ஆட வைக்கலாம், அவன் மட்டும் பணத்துக்காக ஆடக்கூடாது. அதற்குத் தூய்மை என்று பெயர். அந்தத் தூய்மையைக் காப்பதற்காகவே மன்றம் ஒரு மாடிக் கட்டடமும், மாடி முழுக்க அதிகாரிகளும் வைத்திருந்தது.

அப்படி ஒரு அதிகாரிதான் பிரெஸ்டன் லேத்ரப். ஒளிபரப்பு உரிமை, வருவாய் மற்றும் தூய்மைப் பாதுகாப்புத் துணை இயக்குநர். பதவியின் நீளத்தால் அவர் பெயர் அட்டை நெஞ்சில் தொடங்கி தொப்புளில் முடிந்தது. ஆட்டத்தன்று மதியம், வெளியூரில் கோப்பை நடந்த அரங்கத்தின் பெரிய வாசலில் அவரே நின்றார்.

எங்கள் ஊர் அம்மாக்கள் தேவாலய பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் ஒப்பல் ரைஸ்னர். வான்கோழி ஆலையில் பொட்டலம் கட்டுகிறவள். அவள் மகன் க்ளேதான் எங்கள் அணித் தலைவன். கடைசி வருடம் படிக்கிறான். அன்று தோற்றால் அதோடு அவன் ஆட்டம் முடிந்தது, திங்கட்கிழமை முதல் அவனும் பொட்டலம் கட்டப் போவான். ஊரில் அவன் ஆடிய எந்த ஆட்டத்தையும் ஒப்பல் பார்க்காமல் விட்டதில்லை.

மற்றதை ஒப்பலே எங்களிடம் சொன்னாள். நான் அப்படியே சொல்கிறேன்.

"நான் க்ளேயோட அம்மாங்க," என்றாள் ஒப்பல்.

"அதுதாம்மா சிக்கலே," என்றார் லேத்ரப். "வேற யாராவது இருந்தா யோசிக்கலாம். ஒரு சீட்டுக்கு விலை இருக்கா இல்லையா? அதை உங்களுக்குச் சும்மா குடுத்தா, உங்க பையன் ஆடினதுக்குக் கூலி வாங்கின மாதிரி. அவன் தூய்மை போச்சு."

"சரி, காசு குடுத்தே வாங்கிக்கறேன்."

"எல்லாம் வித்துப்போச்சு. விளம்பரதாரர்களோட விருந்தாளிங்களுக்கு."

ஒப்பல் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "உள்ள வரிசை வரிசையா காலியா கிடக்கேங்க?"

"அவங்க கூடாரத்துல சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. அது சும்மா காலி இல்லம்மா. வித்த காலி."

"என் பையன் மேல உங்களுக்கு இவ்வளவு அக்கறையா?"

"அதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளமே," என்று பெருமையாகச் சொன்னார் லேத்ரப்.

மார்ச் மாதம். மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் ஏதோ கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாக்கள் சாமான் இறக்குகிற கதவோரமாக ஒண்டினார்கள். எதிரணியான கெஸ்லர் கல்லூரியின் அம்மாக்கள் முன்பே அங்கே ஒண்டியிருந்தார்கள். பிளாஸ்க் காப்பி கை மாறியது.

எங்கள் பயிற்சியாளர் வெர்லின் ஹோக்குக்கு விஷயம் போனது. ஹோக் சத்தம் போடுகிற ஆள் இல்லை. லேத்ரப்பைத் தேடிப்போய், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், விளம்பரத்தை எப்ப எப்பப் போடுவீங்க? தெரிஞ்சா பசங்களை அதுக்கேத்த மாதிரி ஓட விடலாம்."

தன்னிடம் ஒருவர் பாடம் கேட்டதில் லேத்ரப்புக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "சொல்றேன் கோச். குறிச்ச நேரம் தாண்டினதும் நடுவர் எப்ப விசில் ஊதுறாரோ, அப்ப விளம்பரம். ஒருத்தன் இன்னொருத்தனை இடிச்சாலோ, பந்து கோட்டுக்கு வெளிய போனாலோ விசில். விசில் ஊதினா எங்க பாஷையில பந்து செத்துப்போச்சுன்னு அர்த்தம். பந்து உயிரோட இருக்கும்போது விளம்பரத்தை ஆரம்பிக்கக்கூடாது. விதி."

"பந்து சாகலைன்னா?"

லேத்ரப் சிரித்தார். "சாகாத பந்து எங்கய்யா இருக்கு? எவனாவது ஒருத்தன் தப்புப் பண்ணத்தானே செய்வான்? மனுஷ குணத்தை நம்பித்தான் நாங்க ஒப்பந்தமே போட்டிருக்கோம்."

ஹோக் நன்றி சொல்லிவிட்டு நேராக கெஸ்லர் பயிற்சியாளர் டுவைட் கெர்னிடம் போனார்.

"டுவைட்டு, உங்க பசங்களோட அம்மாவெல்லாம் எங்க?"

"வெளிய. ஈரத்துல நிக்கிறாங்க."

"இன்னிக்கு நம்ம ரெண்டு பக்கத்துப் பசங்களும் கொஞ்சம் நல்ல பிள்ளைங்களா ஆடினா என்ன?"

"எவ்வளவு நல்ல பிள்ளைங்களா?"

"ஞாயித்துக்கிழமை கோயில்ல உக்கார்ற மாதிரி. ஜெயிக்க ஆடட்டும். விசில் மட்டும் கேக்கக்கூடாது."

ஆட்டம் ஆரம்பித்தது. நாங்கள் ஊரில் லெஸ்டரின் தீவனக் கடையில் டிவி முன்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தோம். அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒருவன்மேல் ஒருவன் படவில்லை. பந்து கோட்டைத் தாண்டப் போனால் எங்கள் பையன் பாய்ந்து உள்ளே தட்டிவிடுவான், தட்டிவிட்டு விழுகிறவனைக் கெஸ்லர் பையன் தாங்கிப் பிடிப்பான். பந்து மட்டும் ஓயாமல் இந்தக் கூடைக்கும் அந்தக் கூடைக்கும் பறந்தது. புள்ளிகள் மாறி மாறி ஏறின. யார் முந்துவார்கள் என்று சொல்ல முடியவில்லை.

முதலில் கை தட்டினோம். கொஞ்ச நேரம் கழித்து லெஸ்டர் காலை மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தான்.

"என்னடா இது, விளம்பரமே வரலை?"

"வரும், வரும்."

"எப்ப வரும்? நான் காப்பி மூணு கப்பு குடிச்சிருக்கேன்."

"எந்திரிச்சுப் போயேன்."

"நான் போன உடனே க்ளே கூடையில போட்டுட்டா?"

அவன் மனைவி வில்மா அடுப்பில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தாள். கருகுகிற வாசனை எல்லோருக்கும் வந்தது. விளம்பரம் வரட்டும் என்று அவளும் உட்கார்ந்தே இருந்தாள். பாதி ஆட்ட இடைவேளை வந்ததும் எல்லோரும் ஒரே மூச்சாக ஓடினோம். லெஸ்டர் கடையில் கழிப்பறை ஒன்றுதான். வரிசை பாதி நகர்வதற்குள் இரண்டாம் பாதி ஆரம்பமாகிவிட்டது. அதிலும் விசில் இல்லை.

அங்கே அரங்கத்துக்கு வெளியே டிவி வண்டிக்குள் பெரும் துயரம். இடைவேளைக்கு விற்ற விளம்பரங்கள் தனி; ஆட்டத்துக்கு நடுவில் போட வேண்டியவை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பீட்சா, டிராக்டர், வயிற்று மாத்திரை, மறுபடி பீட்சா. ஒவ்வொன்றுக்கும் பணம் வாங்கியாகிவிட்டது. லேத்ரப் குனிந்தபடி நடுவரிடம் ஓடினார்.

"எதுக்காவது ஊதுங்கய்யா."

"எதுக்கு ஊத?" என்றார் நடுவர், ஓடிக்கொண்டே. "ஒருத்தன் தும்மினான்."

"அதுக்கு ஊதுங்க."

"பக்கத்துல இருந்த எதிரணிப் பையன் அவனுக்குக் கைக்குட்டை குடுத்தான். இதுல யார்மேல குத்தம் சொல்ல?"

இந்த நேரத்தில்தான் எங்கள் லெஸ்டர் கடை போனை எடுத்தான். டிவி நிலையத்தைக் கூப்பிட்டு, "ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு விளம்பரம் போடுங்க," என்றான். அவன் வைத்ததும் வில்மா எடுத்தாள். வில்மாவுக்குப் பிறகு நான். மறைப்பானேன், மாநிலம் முழுக்க எல்லோரும் அதையேதான் செய்திருக்கிறார்கள். மக்கள் விளம்பரம் கேட்டுக் கதறுகிறார்கள் என்ற செய்தி லேத்ரப்புக்குப் போனது. அவர் பிறந்ததிலிருந்து காத்திருந்த நாள் அது. அந்த நாளில் அவரால் ஒரு மாத்திரை விளம்பரம்கூடப் போட முடியவில்லை.

ஹோக் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பின்னால் லேத்ரப் வந்து மண்டியிட்டார்.

"கோச் சார், ஒரே ஒரு தடவை. அந்தப் பந்தைச் சாகடிங்க."

"உயிரோட ஓடிக்கிட்டிருக்கே சார். எப்படி மனசு வரும்?"

"உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். வெளிய சிலபேர் நனையறாங்க."

"அம்மாக்களை உள்ள விட்டா அது கூலி. விதிப்படி முடியாது."

"விதியை மீறச் சொல்வேனா?" என்றார் ஹோக். "எதிர்ப்பக்கம் பாருங்க. காலி நாற்காலி டிவியில பல்லு விழுந்த வாய் மாதிரி தெரியுது. காசு குடுத்த கம்பெனிக்காரங்க பாத்தா என்ன நினைப்பாங்க? அதுக்கெல்லாம் உறை போடுங்க."

"உறைக்கு இப்ப எங்க போறது?"

"கதவுக்கு வெளியதான் நிக்குது. ரெண்டு காலேஜ் உறையும்."

லேத்ரப் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அம்மா கூடாது, அப்பா கூடாது, அத்தை கூடாது, மச்சான் கூடாது, வளர்ப்பு நாய் கூடாது. உறை கூடாது என்று எங்கும் இல்லை. அவர் முகம் தெளிந்தது. 'ஒளிபரப்பின் காட்சி நலன் கருதி, தற்காலிக இருக்கை உறைகளை நிறுவ இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது' என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். கதவு திறந்தது.

ஒவ்வோர் உறையின் தலையிலும் ஒரு காகிதத் தொப்பி வைத்தார்கள், விளம்பரம் கொடுத்த கம்பெனியின் சூப் டப்பா வடிவத்தில். "தொப்பியைக் கழட்டக்கூடாது. கூச்சல் போடக்கூடாது. உறை கத்தாது," என்றார் லேத்ரப்.

"உறை அழலாமா?" என்று கேட்டாள் ஒப்பல்.

அவர் மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். "அதைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"அப்ப அழுதுக்கறேன்," என்று சொல்லி முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

மைதானத்தில் பந்து க்ளேயின் கையில் இருந்தது. அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு ஹோக்கைப் பார்த்தான். ஹோக் தலையசைத்தார். க்ளே பந்தை மெதுவாக, பூப்போல, கோட்டுக்கு வெளியே எறிந்தான். அது நேராக ஒப்பலின் மடியில் போய் விழுந்து செத்தது. விசில்.

எங்கள் கடையில் நாங்கள் போட்ட ஆரவாரம், க்ளே கூடையில் போட்டபோதுகூடப் போட்டதில்லை. லெஸ்டர் ஓடிய ஓட்டத்தில் ஒரு தீவன மூட்டை கிழிந்தது.

விளம்பரங்கள் வந்தன. பீட்சா வந்தது, டிராக்டர் வந்தது, மாத்திரை வந்தது. எல்லோரும் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டு, கை கழுவி, கருகியதைச் சுரண்டித் தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். பீட்சா வந்தது. ஆட்டம் முழுக்கப் போட்டிருக்க வேண்டியதையெல்லாம் சேர்த்துப் போடுகிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

அங்கே பையன்கள் அம்மாக்களின் காலடியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அடுத்த ஆட்டத்து அணிகள் கதவைத் தட்டவே, ஆட்டத்தைத் தொடரலாமா என்று நடுவர் லேத்ரப்பைக் கேட்டார்.

"நீங்க பாட்டுக்கு ஆடுங்க," என்றார் லேத்ரப். "நாங்க ஒப்பந்தத்துல இருக்கறதைக் காட்டிக்கிட்டு இருக்கோம். விளம்பரம் கட்டாயம், ஆட்டம் நேரம் இருந்தா."

நேரம் இல்லை. எங்கள் டிவியில் கடைசி மாத்திரை முடிந்ததும் ஒருவர் சிரித்த முகத்தோடு தோன்றினார். 'விளம்பரம் வேண்டும் என்று தொலைபேசியில் கேட்ட ஆயிரக்கணக்கான நேயர்களுக்கு நன்றி. உங்கள் பேராதரவுக்கு இணங்க, அடுத்த ஆண்டு முதல் விளம்பர நேரம் இரட்டிப்பாக்கப்படுகிறது' என்றார். அதன்பின் சமையல் நிகழ்ச்சி ஆரம்பமானது.

கடையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரேடியோவைத் திருகினோம். ரேடியோ உரிமையும் அதே நிறுவனத்திடம்தான், அங்கேயும் பீட்சா.

மாடு கறக்கிற நேரத்துக்கு பஸ் வந்தது. பையன்களும் அம்மாக்களும் ஒரே பஸ்ஸில். ஊரே தேவாலய வாசலில் நின்றது. பையன்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பல் தொப்பியைக் கழற்றாமலே இறங்கினாள்.

"ஒப்பல், யாரு ஜெயிச்சா?"

"உறைகிட்டப் போய் ஆட்டம் கேட்டா? அதுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, மகன் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியாக ஹோக் படியில் வந்து நின்றார். லெஸ்டர் முன்னால் போனான்.

"கோச், உசுரு போகுது. நம்ம பசங்க ஜெயிச்சாங்களா, தோத்தாங்களா? அதை மட்டும் சொல்லிடுங்க."

ஹோக் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். யார் யார் போன் போட்டது என்பது எங்கள் நெற்றியிலேயே எழுதியிருந்தது போலிருக்கிறது.

"சொல்றேன்," என்றார். "சொல்லாம எங்க போகப்போறேன்? அதுக்கு முன்னாடி, நீங்க ஆசைப்பட்டுக் கேட்ட மாதிரியே, ஒரு சின்ன விளம்பர இடைவேளை."

திரும்பவும் பஸ்ஸுக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலோரமாக எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி உட்கார்ந்து, வழியில் வாங்கிவந்த பன்றிக்கறி சாண்ட்விச்சின் காகிதத்தை மெதுவாகப் பிரித்தார்.