சுவிட்ச்சுக்கு நான் யாரென்று தெரியாத முகூர்த்தம்

அரைகுறையாகத் தெரிந்த வேலையை இலவசமாகச் செய்துதருகிறேன் என்று உறவுக்காரர்களிடம் யாராவது சொன்னால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். மைத்துனி சுதாவின் கல்யாணத்தில் என்னை யாரும் தடுக்கவில்லை.

மயிலாப்பூரில் மண்டபம். என் மனைவியின் தம்பி, சுதாவுக்கு ஒரே அண்ணன், ரகு. சிட்னியில் கால் முறிந்து கிடந்தான். தங்கைக்குத் தாலி ஏறுவதை நேரலையிலாவது பார்த்தே ஆகவேண்டும் என்றிருந்தான். நிச்சயதார்த்தத்தன்று விருந்தினர்கள் அதே மண்டபத்து இணையத்தை உறிஞ்சித் தீர்த்ததில் படம் பாதியில் உறைந்துபோனது. "இந்தத் தடவை நான் பாத்துக்கறேன்" என்றேன். (நான் நெட்வொர்க் கம்பெனியில் இருக்கிறேன். விற்பனைப் பிரிவில்.)

மண்டபத்துக் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அதில் யார் இணைந்தாலும் முதலில் லாகின் பக்கம் வரும்படி செய்தேன். பன்னீர் தெளிக்கும் இடத்திலேயே "பெண் வீடா, பிள்ளை வீடா?" என்று விசாரித்து உள்ளே விடுவதுபோலத்தான். பாஸ்வேர்ட் சரியா என்று பட்டியல் பார்த்துச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர். அதையும் அதே சுவிட்ச்சில் சொருகினேன். பாரபட்சம் கூடாதென்று இருபத்துநான்கு துளைகளுக்கும் ஒரே சட்டம்.

கெட்டிமேளத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டு, வீடியோக்காரர் சலீம் பாய் வந்தார்.

"லைவ் போவல சார். எல்லாத்துக்கும் லாகின் கேக்குதாமே. லைவ் அனுப்புற என் பொட்டில ஸ்கிரீனும் இல்ல, கீபோர்டும் இல்ல. அது எங்கருந்து சார் பாஸ்வேர்ட் அடிக்கும்?"

இதை நான் யோசிக்கவில்லை. சட்டத்தை நீக்கிவிடலாமென்று என் லேப்டாப்பைச் சொருகினேன். என்னிடமும் லாகின் கேட்டது. அடித்தேன். யோசித்தது. மறுபடி கேட்டது. பெரிய எழுத்தில் அடித்தேன், சின்ன எழுத்தில் அடித்தேன். எங்கள் கல்யாண நாளையும் அடித்துப் பார்த்தேன். (அது சரியான தேதிதானா என்பது தனிச் சந்தேகம்.)

மனைவி வந்து நின்றாள். "ரகு போன் மேல போன் பண்றான். அங்க வட்டம் மட்டும் சுத்திண்டிருக்காம். நீங்க வச்ச பாஸ்வேர்ட் உங்களுக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அதுக்குத்தான் என்னைத் தெரியல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பட்டியல் கம்ப்யூட்டரையும் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். யாரை உள்ளே விடலாம் என்று சொல்லவேண்டிய பெரியப்பாவிடமே "நீங்க யாரு?" என்று கேட்டாகிவிட்டது. அவரை அடையாளம் காட்டக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவரும் வெளியே நிற்கிறார்.

கெட்டிமேளம் முழங்கியது. சலீம் பாய் தன் கேபிளை சுவிட்ச்சிலிருந்து பிடுங்கி, பக்கத்திலிருந்த, மண்டபத்துக்கே இன்டர்நெட் கொண்டுவரும் பெட்டியில் நேராகச் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

"இத்த மொதல்லயே செஞ்சா இன்னா சார்?"

படம் சிட்னி போய்ச் சேர்ந்தபோது தாலி ஏறி, அட்சதையும் விழுந்துவிட்டது. பெண்ணின் சகோதரன் செய்யவேண்டிய பொரியிடும் சடங்கை அவனுக்குப் பதிலாக வேறொருவர் செய்வதைத்தான் ரகு பார்த்தான். அது மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்ததாம்.

அன்றிலிருந்து மாமியார் வீட்டில் நான் மணி அடித்தால் கதவு உடனே திறப்பதில்லை. போன மாதம் ரகு ஊருக்கு வந்திருந்தான். சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தான்.

"யாரு?"

"நான்தான்டா."

"நான்தான்னா எப்படி அத்திம்பேர்? உள்ள யாராவது உங்களைத் தெரியும்னு சொல்லணுமே."

உள்ளே என் மனைவி உட்பட ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.