தட்டினால் விட்டுவிடும் உடும்பு

காஞ்சிபுரத்தில் பேய்க்கே மூச்சு முட்ட வைத்த ஒரே மனிதர் உடும்புதான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேய் உட்கார்ந்திருந்தது என் நெஞ்சின் மேல்.

உடும்புக்கு வேறு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. பகலில் ஓரிக்கைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுவார். விடிகாலையில், நான் குடியிருந்த அறைக்குக் கீழே, தரையில் மெத்தை விரித்து ஜுஜிட்சு சொல்லிக்கொடுப்பார். குத்தும் உதையும் கிடையாது. ஆளைக் கீழே தள்ளி, மேலே ஏறி, அசையவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் வித்தை. அகப்பட்டவர் கையால் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். உடனே விட்டுவிட வேண்டும்.

வித்தை வகுப்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு கல்யாணத்தில், வாழ்த்துகிறேன் என்று மாப்பிள்ளையைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். அவன் திமிறினான். "மூச்ச விடுபா, தோள லூஸா வெச்சிக்கோ, எப்டி வெளிய வர்றேன்னு பாக்கலாம்" என்று உடும்பு அவன் காதில் பாடம் நடத்த, நாதஸ்வரக்காரர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். பெண் வீட்டார் போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்தார்கள்.

அப்போது எனக்கு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில் வந்து படுத்தால் அமுக்குவான் பேய். கண் விழித்திருக்கும், கை கால் அசையாது, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து என் முகத்தருகே மூச்சு விடுவார்கள். பயத்தில் தூக்கத்தைத் தொலைத்து, மெஷின் பக்கத்தில் தூங்கி விழுந்தேன். இன்னொரு தடவை விழுந்தால் வேலை கிடையாது என்றார் சூப்பர்வைசர். உடும்பிடம் போய் அழுதேன்.

டாக்டர் மாதிரி விசாரித்தார். "முட்டிய எங்க வெக்குது? இடுப்பாண்டயா, அக்குளாண்டயா?"

"அதப் பாக்கற நெலமயிலயாண்ணா இருக்கேன்?"

"அக்குள் வரிக்கும் ஏறிட்ச்சின்னா கஷ்டம்பா."

தானே பேயாக என் மேல் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார். ஒல்லி மனிதர்தான்; உட்கார்ந்தால் தேர் ஏறி நிற்பது போலிருக்கும். ஆனால் சின்ன வயதில் முறிந்த என் இடது விலாவில் மட்டும் அவர் முட்டி ஒரு நாளும் பட்டதில்லை. பயிற்சி பலிக்கவில்லை. "நானே வந்து பாக்கறேன்" என்றார்.

மறுநாள் மதியம் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து, என் அறையில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். நான் தூங்கிப்போனேன். விழித்தபோது பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றிருந்தது. கை கால் அசையவில்லை. நெஞ்சில் அதே பாரம். அதற்குப் பின்னால் உடும்பு! இரண்டு கைகளாலும் வெறும் காற்றை இறுக்கிக் கட்டியிருந்தார். காற்று திமிறியது. அவர் முன்கையில் விரல் விரலாகப் பள்ளம் விழுந்தது.

"பின்னாடி வந்துட்டேன், பயப்படாத" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

கட்டில் சட்டத்தில் யாரோ தட்டினார்கள். என் கை அசையவே இல்லை. உடும்பின் கைகளோ பூட்டுப் போட்டதுபோல் இருந்தன. மறுபடியும், அவசரமாக, டப் டப். உடும்பு சட்டென்று கைகளை விரித்தார். பாரம் போய்விட்டது. காற்றே இல்லாமல் கதவு திறந்து மூடியது.

"ஏண்ணா விட்டீங்க?" என்று கத்தினேன்.

"தட்டிட்ச்சிபா."

"அது பேய்ணா!"

"பேயா இருந்தா இன்னா? தட்டினா வுட்டுடணும்."

அதன் பிறகு அது வரவில்லை. அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன், வேலையும் தப்பியது.

போன மாதம் உடும்பு, ஆட்டோவில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். ஊருக்கெல்லாம் பிடியிலிருந்து வெளியே வரச் சொல்லிக்கொடுத்தவர் இப்படிப் போகலாமா? எனக்கு அவர் மேல் இன்னும் கோபம்தான்.

நேற்று மதியம் தூங்கி விழித்தேன். கை கால் அசையவில்லை. நெஞ்சில் பாரம். பழைய பேய்தான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், இடது விலாவில் மட்டும் பாரமே இல்லை.

கொஞ்சம் முயன்றால் விரல் அசைந்திருக்கும். தட்டினால் விட்டுவிடுவார் என்றும் தெரியும். நான் தட்டவில்லை.